வலது பக்கம் பாக்கி

டொமினிக்கின் வலது தோள்பட்டை காலையிலிருந்தே குடைந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் இரு முனையில் பிடித்துத் தேயிலை வெட்டும் மெஷினின் மேல்முனையைப் பதினெட்டு வருடம் தாங்கிய தோள் அது. வலி புதிதில்லை. புதியது கன்னம்தான். விடிகாலையில் மழித்த முகத்தில், மதியம் இரண்டு மணிக்கு, இடது பக்கம் வழவழவென்றே இருந்தது. வலது பக்கத்தில் மட்டும் ஒரு வாரத்து முடி நின்றது. அதுவும் வெள்ளை. அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. தலையில் ஒரு நரை கிடையாது.

பிளாஸ்டிக் ரேசர்கள் மூன்று மழுங்கிப் போயின. முடி அசையவில்லை. அதனால்தான் அரிசி வாளிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த துணிப் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே ஒரு மடக்குச் சவரக்கத்தி. மெஷினின் கீழ்முனையைப் பிடித்த அல்போன்சுடையது. அல்போன்ஸ் இறந்து நாற்பது நாள் ஆகிறது.

"தம்பி."

கத்தியைத் துண்டுக்குள் தள்ளிக் கன்னத்தைப் பொத்திக்கொண்டான். வாசலில் கத்தரீன், அல்போன்சின் மனைவி. பக்கத்து லைன் வீட்டை இன்று காலி செய்கிறாள். வெளியே லோரி நின்றது.

"என்ன தம்பி, பல் வலியா?"

"ஆமாண்ணி."

"அவரோட கத்தியைத் தேடாத இடமில்ல. நீங்க எங்கயும் பாத்தீங்களா?"

"இல்லியே."

"அவரைப் பெட்டியில வைக்கிறப்பவும் கிடைக்கல. அதத் தவிர வேற எதுலயும் வழிக்கக் கூடாதுன்னு சொன்ன மனுசன். பாதித் தாடியோட அனுப்பிட்டேன். மேல போயி என் மானத்தை வாங்கியிருப்பாரு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நாலு மணிக்கு லோரி எடுக்கணும் லா. திரிங்காப் டவுனுக்கு வந்தா பூத்தோட்டத்துப் பக்கம் எட்டிப் பாருங்க. தங்கச்சி வீட்டு ஸ்டோர்லதான் இருப்பேன்."

அவள் போனாள். அவன் கதவைச் சாத்தினான்.

மெஷின் பிடிப்பவர்களுக்கு ஒரே ஒரு சட்டம். கீழ்முனையில் நிற்பவன் 'நில்லு' என்றால் மேல்முனையில் நிற்பவன் நிற்க வேண்டும். சரிவு எங்கே வழுக்குகிறது என்பது கீழே இருப்பவனுக்குத்தான் தெரியும். அன்று மழை. இன்னும் இரண்டு வரிசைதான் பாக்கி. அல்போன்ஸ் இரண்டு முறை 'நில்லு' என்றார். டொமினிக்கின் காதில் விழுந்தது. அவன் இழுத்தான். அவர் கால்வாய்க்குள் சரிந்தார், மெஷின் அவர் மேல் விழுந்தது. தோட்டத்து ஆபீஸ் கிராணி கேட்டபோது, "அவருதான் பிடியை விட்டுட்டாரு" என்றான். கிராணி அப்படியே எழுதிக்கொண்டார். தன் தவறால் விழுந்தவன் குடும்பத்துக்குத் தோட்டத்தில் வீடு கிடையாது. உண்மையைச் சொல்லியிருந்தால் கத்தரீனுக்கு வீடு நின்றிருக்கும். டொமினிக்குக்கு வேலை நின்றிருக்காது.

மூன்று வாரம் படுத்துக் கிடந்தார் அல்போன்ஸ். கிராணி எழுதியதை அவர் மறுக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம், கத்தரீன் கடைக்குப் போயிருந்தபோது, அவரே கேட்டார், "தாடியோட போக மாட்டேன். நீ வழிச்சு விடுடா." வெள்ளைத் தாடியில் இடது பக்கம் முடிந்தது. கண்ணைத் திறக்காமல் சொன்னார், "நான் நில்லுன்னது உனக்குக் கேட்டுச்சு."

டொமினிக் கத்தியைத் துடைத்து மடக்கினான். "மிச்சத்தை நாளைக்குப் பாக்கலாம்ணே."

"வலது பக்கம் பாக்கிடா."

கத்தி தன் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது. விடிவதற்குள் அவர் போய்விட்டார். திருப்பிக் கொடுத்தால், வழித்தது நீயா, ஏன் பாதியில் எழுந்தாய் என்று கேட்பார்கள். கொடுக்கவில்லை.

இப்போது குளியலறையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, சவரக்கத்தியால் தனக்குத்தானே மழித்துக்கொள்ளக் கற்றுத்தரும் வீடியோ ஒன்றைப் போட்டான். முதலில் தோல் பெல்ட்டில் தீட்ட வேண்டும். தேயிலைக் கத்தரியைக் கல்லில் தேய்க்கிற பழக்கத்தில் கூர்ப்பக்கத்தை முன்னால் தள்ளிவிட்டான், பெல்ட் இரண்டாகக் கிழிந்தது. கத்தியின் முதுகுதான் முன்னால் போக வேண்டுமாம். மிஞ்சிய பெல்ட்டில் மறுபடி தீட்டினான். வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் வைத்தான். சோப்பு நுரையைத் தடவினான். ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், மறு கை கத்தியை நடத்த வேண்டும். இதுவும் இரண்டு முனை வேலைதான் என்று தோன்றியது.

சன்னல் இடுக்கு வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து கண்ணாடியில் படிந்தது. தொழிற்சாலைப் பக்கமிருந்து வாடிய தேயிலையின் இனிப்பு வாசனையும், அதற்கு அடியில் வேறொரு வாசனையும் மெல்ல மெல்ல ஏறி வந்தன: பழைய போர்வை, மருந்து எண்ணெய், நாள்பட்டுப் படுத்துக் கிடந்த முதுகின் வாசனை. கை பழகட்டும் என்று, முடியில்லாத இடது கன்னத்தில்தான் தொடங்கினான். சரக், சரக் என்று கத்தி நடந்தது. தன் முகத்தில் முதல்முறை கத்தி பிடிப்பவனின் கை மாதிரியே இல்லை.

கத்தியை எடுத்துத் தண்ணீரில் முக்கினான். சத்தம் நிற்கவில்லை.

சரக். சரக்.

சுவருக்கு அந்தப் பக்கம் கத்தரீன் எதையோ இழுக்கிறாள் என்று நினைத்தான். ஆனால் அவள் குரல் வாசலில் கேட்டது, லோரிக்காரனோடு. அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை.

ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம். லோரி இன்னும் நிற்கிறது. நாலு எட்டு வைத்தால் வாசல். அண்ணி, நான்தான் நிக்கல. அவ்வளவுதான். அவன் கதவைப் பார்த்தான். வேலையை நினைத்தான். லோரி இஞ்சின் உறுமியது. அவன் கண்ணாடிப் பக்கமே திரும்பினான்.

லோரி நகர்ந்தது. வளைவில் ஹார்ன் அடித்தது. ஓய்ந்தது.

வலது கன்னத்துக்குக் கத்தியைக் கொண்டு போனான். தோள்வலி சுரீர் என்றது. விழாமலிருக்க இடது கையால் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

வலது கையில் கத்தி.

இடது கை விளிம்பில்.

கன்னத்துத் தோல் மேல்நோக்கி இழுபட்டது.

கண்ணாடியைத் துடைக்கக் கை இல்லை. பனி தானாக வழிந்து இறங்கியது. வலது கன்னத்தில், காதுக்கு முன்னால், நான்கு பள்ளங்கள். விரல் பதிந்த பள்ளங்கள். இறுக்கமாக. குளிர்ச்சியாக. பள்ளங்களைச் சுற்றித் தேயிலைக் கறை, கறுப்பாக, கழுவினாலும் போகாத கறை.

கத்தி நகர்ந்தது. அவன் நகர்த்தவில்லை.

"நில்லுங்கண்ணே."

நிற்கவில்லை.

"நில்லு!"

மறுமுனையில் பிடித்திருந்தவரின் காதில் விழுந்தது. அவர் இழுத்தார். வெள்ளை முடி நுரையோடு விழுந்தது. அடியில் இன்னும் வெள்ளை முடி. தோல் விழுந்தது. அதற்கடியிலும் வெள்ளை முடி.

சரக். சரக்.

டொமினிக் அல்போன்சுக்குத் தர வேண்டியது: வலது கன்னம் ஒன்று. இன்னும் தீரவில்லை.