கையில் இல்லாத ஆணி

பாடி முடித்து வாயை மூடிய பிறகும் சத்தம் நிற்கவில்லை. ப்ரோகோலோ கஃபாஸோவுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. யெப்தாவின் நேர்த்திக்கடனைப் பாடி, கடைசிச் சொல்லை அடிவயிற்றிலிருந்து இழுத்து விட்டு, உதடுகள் சேர்ந்த பின்னும் அந்தக் கார்வை கொட்டகையின் மேல்மாடத்தில், மெழுகுப் புகைக்கும் இருட்டுக்கும் நடுவே, தன்பாட்டில் ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டுத்தான் அடங்கியது. கூட்டம் எழுந்து கை தட்டியது. குரல் போய்விட்டதென்று குளிர்காலம் முழுக்க அவரைப் பார்த்துக் கேலியாகச் சீழ்க்கை அடித்த அதே கூட்டம்.

தவக்காலத்தில் நேப்பிள்ஸில் காதல் பாட்டும் கேலிப் பாட்டும் கூடாது. பைபிள் கதை என்றால் மட்டும் கொட்டகையைத் திறக்கலாம். மன்மதர்கள் பெட்டிக்குள் போய்விட, தீர்க்கதரிசிகள் ஒட்டுத் தாடியோடு வந்து இறங்குவார்கள். இந்த வருடம் யெப்தா. போரில் ஜெயித்துத் திரும்பினால், வீட்டு வாசலிலிருந்து தன்னை எதிர்கொண்டு முதலில் வருவதைப் பலி கொடுப்பதாக நேர்ந்துகொண்டவன். கஞ்சிரா தட்டி ஆடிக்கொண்டு முதலில் வருகிறவள் அவனுடைய ஒரே மகள்.

இப்படிப்பட்ட வாக்கை மேடையில் பாடுகிறவர் இடது கைக்குள் ஓர் இரும்பு ஆணியை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கொட்டகையின் வழக்கம் அது. இரும்பைத் தொட்டுச் சொன்ன வாக்கு ஒட்டாது. வெறும் நடிப்பு என்று மேலே இருப்பவர் விட்டுவிடுவார்.

இன்று ப்ரோகோலோவின் கையில் ஆணி இல்லை. மறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுத்தான் மேடை ஏறினார். போன குரல் திரும்ப வரட்டும், வாசலில் முதலில் ஓடி வருவதை எடுத்துக்கொள் என்று மனதார வேண்டிக்கொண்டு பாடினார். யார் ஓடி வரப் போகிறார்கள்? மொரேட்டோதான். தெருமுனையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே குரைத்துக்கொண்டு பாய்ந்து வரும் கிழட்டு நாய். கடவுளோடு பேரம் பேசும்போதுகூட மலிவான சரக்கைத் தேடிய தன் புத்தியை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. அவர் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கும் நாய் அது.

அலங்கார அறையில் மேடைச் சாமான்களுக்குப் பொறுப்பான சவேரியோ அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தான். மரத்தில் செய்து வெள்ளிப் பூச்சு பூசிய பலிக் கத்தியை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினான்.

"பின்னிட்டீங்க டொன் ப்ரோகோலோ! ஆணியக் குடுங்க."

"கை தவறி விழுந்துடுச்சு."

"பாடுறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

கதவில் சாய்ந்து நின்ற அனியெல்லோ சிரித்தான். ஈஸ்டருக்குப் பிறகு ப்ரோகோலோவின் வேடங்களுக்கு முதலாளி பேசி வைத்திருக்கும் இளம் பாடகன். "அந்தத் துருப்பிடிச்ச ஆணிய வச்சு அரண்மனையா கட்டப் போற, சவேரியோ?"

"நீ சும்மா கிட. முன்னாலன்னா இப்பவே சொல்லிடுங்கய்யா. விளக்க அணைக்கிறதுக்குள்ள மேடைக்குப் போயி, இரும்பத் தொட்டுக்கிட்டு இன்னொரு தடவ பாடிட்டா, சொன்னது சொல்லாததா ஆயிடும்."

குரலும் வராததாகிவிடும். அதைவிட, இந்தப் பொடியன் முன்னால் எதைச் சொல்வது? குரலுக்காக நாயை விற்றேன் என்றா? ப்ரோகோலோவுக்குக் காது மடல் சுட்டது.

"பின்னாலதான்" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். விளக்கின் கண்ணாடிக் கூண்டு கிணுகிணுத்தது. அனியெல்லோவின் சிரிப்பு நின்றது.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஈரக் கருங்கல் பாவிய சந்துகளில் ஊறப் போட்ட கருவாட்டு வாடையும் அணைந்த கரியின் புகையும் மண்டிக் கிடந்தன. மாடத்துக்கு மாடம் கட்டிய கயிறுகளில் தவக்காலக் கிழவிப் பொம்மைகள் கறுப்புத் துணியில் தொங்கி, காற்றே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக அவர் போகும் பக்கம் திரும்பின. தொண்டைக்குள் அந்தக் கார்வை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. விழுங்கிப் பார்த்தார். எச்சில் இறங்கியது. அது இறங்கவில்லை.

காலையில் மகள் ரெஸ்டிதூதா சொன்னது ஞாபகம் வந்தது. அம்மா இல்லாத பெண், வாய் மட்டும் இரண்டு ஆள் அளவு. "குரல் போனாப் போவட்டும்ப்பா. ரெண்டு பேருமா மீன் விப்போம். நான் கூவுறேன், நீ தாடிய ஒட்டிக்கிட்டுச் சும்மா நில்லு, பயந்துக்கிட்டே வாங்குவாங்க." சொல்லிவிட்டு மாவுக் கையாலேயே அவர் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் ஒருநாளும் வாசலுக்கு வரமாட்டாள். அவர் திரும்பும் நேரம் அடுப்படியில்தான் இருப்பாள். அந்தக் கணக்கை அவர் நன்றாகப் போட்டுப் பார்த்திருந்தார். பெற்ற பெண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டோமே என்பது இப்போதுதான் உறைத்தது. கூசிப் போனார்.

தெருமுனை வந்தது. வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்து நடந்தார்.

குரைப்பு இல்லை.

நின்று கேட்டார். எங்கோ வாளியில் தண்ணீர் சொட்டியது. இன்னும் நாலடி. இல்லை.

மேல் மாடத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்த டொன்னா ப்ரிஜிதா எட்டிப் பார்த்தாள். "என்ன டொன் ப்ரோகோலோ, சொந்த வீட்டுக்கே திருடன் மாதிரி வர்றீங்க? நாயத் தேடுறீங்களா? அது அஞ்சு மணியிலேருந்து கட்டிலுக்கு அடியில பதுங்கிக் கிடக்குதாம். இழுத்தா ரெஸ்டிதூதாவையே கடிக்க வருதாம்."

அஞ்சு மணி. அவர் பாடிய நேரம்.

உடனே சொல்லியிருக்கலாம். என் பெண்ணை வெளியே வரவேண்டாம் என்று சொல்லுங்கள், கதவை உள்ளே தாழிடச் சொல்லுங்கள். சொன்னால் ப்ரிஜிதா ஏன் என்பாள். நாளைக்குக் குழாயடி முழுக்க ஏன் என்று கேட்கும். என்ன பதில் சொல்வது? எந்த முகத்தோடு சொல்வது? அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு நிமிடம், தரையைப் பார்த்துக்கொண்டு, தன் மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதவுக்குப் பின்னால் ஏதோ கிலுங்கியது.

சின்னச் சத்தம். சதங்கைத் தகடுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். பிறகு விரல் தட்டும் சத்தம்.

அவர்கள் வீட்டில் கஞ்சிரா கிடையாது.

"வராதே!" என்று கத்த வாயைத் திறந்தார்.

பாட்டு வந்தது.

அவர் சொல்ல நினைத்த ஒரு சொல்லும் அதில் இல்லை. எதிர்கொண்டு வருவது எதுவானாலும் உனக்கே, உனக்கே. வாழ்நாளில் அப்படி ஒரு குரலில் அவர் பாடியதில்லை. சந்தின் இரண்டு சுவரும் அதிர்ந்தன. வாயைக் கையால் பொத்தினார். விரல்களுக்கு நடுவே வழிந்து வந்தது. ஜன்னல்கள் திறந்தன. முகங்கள். விளக்குகள்.

"ஆகா! இந்தக் குரலா செத்துப் போச்சுன்னாங்க!" ப்ரிஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கை தட்டினார்கள். மாடம் மாடமாக.

தாழ்ப்பாள் விலகியது.

இரும்பு. ஏதாவது இரும்பு. வாசற்கதவின் வளையம் எட்டாத தூரம். ஒரு சாவி, ஒரு குண்டூசியாவது. இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுத் துழாவினார்.

கதவு திறந்தது. ரெஸ்டிதூதா வெளியே வந்தாள். மாவு படிந்த கைகள் தலைக்கு மேலே கஞ்சிராவைத் தட்டின. வெறுங்கால்கள் தாளம் தப்பாமல் ஈரக் கல்லில் பதிந்தன. அவளுக்கு ஆடத் தெரியாது. உதடு சிரித்தது. கண்கள் அழுதுகொண்டு, அப்பா, அப்பா என்று அவரையே பார்த்தன.

கைதட்டல் வலுத்தது. அவர் வாய் மூடியிருந்தது. பாட்டு நிற்கவில்லை.

பைக்குள் அவர் விரல்களில் கடைசியாக இரும்பு தட்டுப்பட்டது. சில்லென்று இருந்தது. நீளமாக, ஒரு பக்கம் கூராக இருந்தது. பிடி அவர் உள்ளங்கைக்கு அளவெடுத்துச் செய்ததாக இருந்தது.