எங்கேயும் போகாதவர்

கார் நின்றதும் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். எனக்குக் கல்யாணம் நடந்த கட்டடத்துக்கு எவனோ தலை முதல் கால் வரை கண்ணாடி மாட்டிவிட்டிருந்தான். வாசலில் இரண்டு பூந்தொட்டி, கோட்டுப் போட்ட ஒரு காவலாளி. கிழவிக்கு உதட்டுச்சாயம் பூசியது போல இருந்தது. நானும் கிழவிதான் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் மகன்.

ஐம்பதாவது கல்யாண நாள். கல்யாணம் நடந்த அதே நாலாம் மாடி ஹால் இப்போது ஓட்டலாகிவிட்டதாம். அங்கே மதியச் சாப்பாடு. உறவுக்காரர்கள் முப்பது பேர் மேலே காத்திருக்கிறார்களாம். யோசனை மருமகளுடையது. அவளுடைய யோசனைகளுக்குக் கைதட்ட எப்போதும் ஆள் வேண்டும், இன்றைக்கு நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

என் கணவர் காரை விட்டு இறங்கவே இல்லை.

"இங்கேயா?" என்றார்.

"இங்கேதாம்ப்பா. ஆனா பழசு ஒண்ணும் இல்ல. லிப்ட்கூடப் புதுசு."

"நான் படியேறி வரேன்."

எழுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் போய்விட்டது, ஆனாலும் படிதான். இதில் வேடிக்கை என்னவென்றால், இதே கட்டடத்தில் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். கல்யாணமான அடுத்த மாதமே அந்த நல்ல வேலையை உதறிவிட்டுத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கப் போனார். அதற்குப் பிறகு ஒரு லிப்டிலும் கால் வைத்ததில்லை. டாக்டர் ஆறாம் மாடிக்குக் குடிபோனால் இவர் டாக்டரை மாற்றுவார். ஏன் என்று கேட்டால் பதில் வராது. இப்படியொரு தொடைநடுங்கியோடு நான் ஐம்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

"ஏறுங்க. நீங்க மேல வந்து சேர்றதுக்குள்ள அறுபதாவது வருஷமே வந்துடும்" என்றேன்.

மகனும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அவரைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனார்கள். நான் மட்டும் லிப்டுக்குக் காத்து நின்றேன்.

மேலே போனதும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். யாராவது ஒருத்தர், "அந்த லிப்ட் கதையைச் சொல்லுங்க" என்பார். ஐம்பது வருஷமாக நான் சொல்லி வரும் கதை அது.

கல்யாணத்தன்று காலை பத்தரைக்கு, இந்தக் கட்டடத்து லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒருத்தர். மூன்றாம் மாடிப் பல் டாக்டரைப் பார்க்க வந்தவர், கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு. அவசர மணியை மூன்று மூன்றாக அடித்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை புது உடுப்போடு மோட்டார் அறைக்கு ஓடப் பார்த்தார். அங்கே போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிப்டை இறக்க அரை மணி நேரம் ஆகும். பதிவாளரோ பதினொரு மணிக்குக் கிளம்புகிறவர். நான் படிக்கட்டில் குறுக்கே நின்று சொன்னேன்:

"லிப்ட்ல இருக்கறவர் எங்கேயும் போயிடமாட்டார். பதிவாளர் போயிடுவார்."

இந்த இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் முடிவைச் சொல்வேன். கையெழுத்துப் போட்டதும் மாப்பிள்ளை போய் லிப்டைத் திறந்தார். பல்வலிக்காரர் வெளியே வந்து எங்களை வாழ்த்தினார். ஒரு பக்கத்துப் பல்லை மட்டும் வைத்துக்கொண்டே விருந்தை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார்.

நான் கதையைத் தொடங்கியதுமே என் கணவர் எழுந்து வெளியே போய்விடுவார். சிரிக்கத் தெரியாத ஜென்மம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

லிப்ட் வந்தது. உள்ளே நான்கு பக்கமும் கண்ணாடி. நாலை அழுத்தினேன். கதவு மூடியது. ஒன்று என்ற எண் எரிந்து அணைந்தது. இரண்டு எரிந்தது.

அப்புறம் லிப்ட் நின்றது. விளக்கும் போய்விட்டது.

வாசலில் பூந்தொட்டி வைக்கத் தெரிந்த பயல்களுக்கு ஒரு லிப்டை ஓட்டத் தெரியவில்லை என்று வாய்விட்டுத் திட்டினேன். தடவிப் பார்த்து மணிப் பொத்தானை அழுத்தினேன். சத்தமே இல்லை. மின்விசிறி சுற்றி ஓய்ந்த பிறகு என் மூச்சு மட்டும் கேட்டது. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு இப்படி ஒரு இருட்டு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

முதலில் வாசனை வந்தது.

கிராம்புத் தைலம்.

பிறகு மணி அடித்தது. நான் அழுத்திய பொத்தான் இல்லை. பழைய இரும்பு மணி. மூன்று தடவை. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மூன்று தடவை.

அந்த மணியை எனக்குத் தெரியும். என் கல்யாணம் முழுக்க அது அடித்துக்கொண்டிருந்தது.

என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் கேட்டார்.

"கல்யாணம் முடிஞ்சுதாம்மா?"

கன்னம் வீங்கியவர் பேசுவது போலக் குழறலான குரல். கோபம் இல்லை. வரிசையில் நிற்பவர் முன்னால் நிற்பவரைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

ஐம்பது வருஷமாக யாருக்கும் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளை கம்பிக் கதவு வழியாக அவரிடம், "அரை மணி நேரம் சார், எனக்குக் கல்யாணம்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். கையெழுத்துப் போட்டதும் ஓடப் பார்த்தார். "ஒரே ஒரு போட்டோ" என்று நிறுத்தினேன். மோட்டார் அறைச் சாவி சட்டைப் பையைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. போட்டோவில் அசிங்கமாக விழும் என்று அதைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். போட்டோவுக்குப் பிறகு, "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். மூன்றாவது போட்டோவிலோ நாலாவதிலோ மணி நின்றுவிட்டது. அப்பாடா, சனியன் ஓய்ந்தது என்று நினைத்தேன். நினைத்தது மட்டும் இல்லை, பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லவும் செய்தேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு திறந்தபோது அவர் மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். கன்னத்தில் கைக்குட்டை அப்படியே இருந்ததாம். மாரடைப்பு. என் கணவர் சாயங்காலம் வந்து சொன்னபோது, "அதுக்கு நாம என்ன பண்ணுவோம்?" என்றேன். மறுவாரமே கதைக்கு ஒரு முடிவு தயார் செய்துவிட்டேன்.

"பரவாயில்லம்மா" என்றார் பின்னால் இருந்தவர். "நான் எங்கேயும் போகல."

கைக்குட்டையின் ஈரம் என் தோளில் பட்டது.

முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வெளியே வருவார். என்னோடு வருவார். எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருப்பவள் என்று பெயர் எடுத்த என் வாயிலிருந்து இதுதான் வந்தது:

"இன்னும் இல்ல. கொஞ்ச நேரம்."

"சரிம்மா" என்றார்.

விளக்கு வந்தது. நான்கு கண்ணாடியிலும் நான் மட்டும்தான் இருந்தேன். என்னைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அரை நூற்றாண்டு கழித்தும் அந்த ஆளைக் காக்க வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

நாலாம் மாடியில் கதவு திறந்தபோது என் கணவர் எதிரே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றிருந்தார். எனக்கு முன்னால் ஏறி வந்திருந்தார், அவ்வளவு நேரம் நான் இருட்டில் நின்றிருக்கிறேன். மகனும் மருமகளும் உள்ளே போய்விட்டிருந்தார்கள். அவர் மூக்கை உறிஞ்சினார். முகம் மாறியது.

"கேட்டாரா?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

லிப்டை விட்டு வெளியே வந்தேன். "உங்ககிட்டயும் கேட்டாரா?"

"கல்யாணமான அந்த மாசத்துல மூணு தடவை. வேற வேற கட்டடம், வேற வேற லிப்ட். மூணு தடவையும் இன்னும் இல்லைன்னு சொன்னேன். அப்புறம் நான் ஏறவே இல்ல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ அதையும் கதையா சொல்லியிருப்ப."

ஐம்பது வருஷத்தில் அவர் என்னைத் திருப்பி அடித்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான். அதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

உள்ளே முப்பது பேரும் கைதட்டினார்கள். நீள மேஜையின் நடுவில் எங்களை உட்கார வைத்தார்கள். என் இடது பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சூப் வருவதற்குள்ளேயே மருமகள் கரண்டியால் கண்ணாடித் தம்ளரைத் தட்டினாள்.

"அத்தை இப்ப அந்த லிப்ட் கதையைச் சொல்லப்போறாங்க."

எழுந்தேன். என் கணவர் வெளியே போவார் என்று பார்த்தேன். அவர் போகவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தார். ஐம்பது வருஷமாக அவர் எழுந்து போனது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

வழக்கம் போலத்தான் தொடங்கினேன். பல்வலி, கைக்குட்டை, பதிவாளர். என்னுடைய அந்த வசனத்துக்கு முன்பே சிலர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். வசனத்தைச் சொன்னேன். ஹாலே அதிர்ந்தது.

சிரிப்புக்கு நடுவில் மணி அடித்தது. மூன்று தடவை.

"அப்புறம் அவரைத் திறந்துவிடல" என்றேன்.

சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக ஓய்ந்தது.

"சாவியை நான் என் பையில வெச்சிருந்தேன். போட்டோ எடுத்துக்கிட்டோம். சாப்பிட்டோம். அதுக்குள்ள அவர் செத்துப்போயிட்டார். விருந்து சாப்பிட்டாருன்னு நான் சொன்னதெல்லாம் பொய்."

ஹால் வாசலுக்கு வெளியே லிப்ட் கதவு திறந்தது. யாரும் அழுத்தவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது, ஆள் இல்லை. திறந்த கதவு மூடாமல் நின்றது.

அவர் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"முடிஞ்சுதுங்க" என்றேன். "கல்யாணம் முடிஞ்சுது. வாங்க."

இன்னும் சிறிது நேரம் கதவு அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று மகன் சொந்தக்காரர்களுக்குக் கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தான். மருமகள் எல்லோருக்கும் சூப் கொண்டுவரச் சொன்னாள். முப்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டு அவரவர் கிண்ணத்தைக் கவனித்தார்கள். நல்ல ஜனங்கள், பசி என்று வந்துவிட்டால் எந்தச் சாவையும் தாண்டிவிடுவார்கள். நானும் அன்றைக்கு அப்படித்தானே சாப்பிட்டேன். என் கணவர் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கை சூடாக இருந்தது.

தட்டுகளை எடுக்க வந்த பரிமாறுகிறவர் என் இடது பக்கம் குனிந்தார். காலி நாற்காலிக்கு முன்னால் இருந்த சூப் கிண்ணம் வழித்துத் துடைத்தது போல இருந்தது. ரொட்டியை யாரோ தொட்டிருந்தார்கள், மேலோட்டை விட்டுவிட்டு நடுவில் மெத்தென்று இருந்ததை மட்டும்.

"இங்க இருந்த சார் கிளம்பிட்டாரா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் ரொட்டி வேணுமான்னேன். பல்வலி, வேண்டாம்ப்பான்னாரு."

திரும்பும்போது என் கணவர் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. நேராக லிப்டுக்குள் போய்த் தானே பொத்தானை அழுத்தினார். மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். லிப்ட் நிற்கவில்லை. வாசனை இல்லை.

"போயிட்டார்" என்றார் அவர். ஒரு சுமையை இறக்கி வைத்த முகம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் வீடு தரைத்தளம். லிப்ட் கிடையாது. வாசலில் இருந்த அழைப்பு மணியையும் அன்று வந்ததும் வராததுமாகக் கழற்றச் சொன்னேன். என் கணவர் ஒயரோடு கழற்றிக் குப்பையில் போட்டார். அதன் பிறகு மூன்று வாரம் நிம்மதியாகப் போயின.

நேற்று மதியம் அவர் கடைக்குப் போயிருந்தார். எனக்கு மட்டும் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாய் எடுப்பதற்குள் மூக்கில் கிராம்பு ஏறியது.

உள்ளே இருந்து மணி அடித்தது. வாசலில் இல்லை. சமையலறையில், என் நாற்காலிக்கு எதிரே. மூன்று தடவை.

'வாங்க' என்று முப்பது பேர் கேட்கக் கூப்பிட்டவள் நான். எங்கே போகவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அவருக்கு வீடு என்று ஒன்று இருக்குமா, அதில் அவரைத் தெரிந்தவர்கள் யாராவது மிச்சம் இருப்பார்களா? இதைக் கேட்க எனக்குக் கல்யாணத்தன்றும் தோன்றவில்லை, ஓட்டலில் அவரைக் கூப்பிட்டபோதும் தோன்றவில்லை. அவருடைய பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

"இருங்க, கொஞ்ச நேரம்" என்று சொல்ல வாய் வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினேன்.

எழுந்து இன்னொரு தட்டை எடுத்து எதிரே வைத்தேன். சோற்றைக் குழையப் பிசைந்து போட்டேன்.

எதிரே இருந்த நாற்காலி தரையில் உரசிக்கொண்டு மெல்லப் பின்னால் நகர்ந்தது, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு.