இழுப்பறையில் தூங்கிய காற்று

விடிந்ததும் மேதகு ஆளுநரின் கழுத்து மூட்டில் படிந்திருக்கும் செம்புழுதியைத் துடைத்து எண்ணெய் போடுவதுதான் செயலாளர் மாதங்கியின் முதல் வேலை. செவ்வாய்க் கிரகத்தின் செம்மேடு மாநிலத்துக்குப் பூமியிலிருந்து வந்திறங்கிய முதல் இயந்திர ஆளுநர் அவர்.

மாளிகைச் சுவரில் பழைய ஆளுநர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. பூமியில் மன்னரின் பிரதிநிதியாகக் குதிரை வண்டியில் வலம் வந்த பதவி, மக்களாட்சியில் அரசியல் சட்டத்தின் காவலராக மாறி, கடைசியில் ராக்கெட் ஏறி இங்கேயும் வந்துவிட்டது. வேலை என்னவோ அதேதான்: அமைச்சர்களுக்குப் பதவிப் பிரமாணம், சட்டசபையில் உரை, மசோதாவுக்கு ஒப்புதல்.

அந்த ஒப்புதலுக்காகத்தான் மாதங்கி ஏங்கிக் கிடந்தாள். அவள் தங்கை கீழ்க்குகையில் குடியிருந்தாள். அங்கே குழாயில் வரும் காற்று குறைவு. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். மேல்மாடத்து அமைச்சர்கள் வீட்டிலோ திரைச்சீலை படபடக்கும் அளவுக்குக் காற்று. 'எல்லோருக்கும் சமக் காற்று' மசோதாவைச் சட்டசபை ஆண்டுதோறும் ஒருமனதாக நிறைவேற்றும். அது மாளிகையின் இழுப்பறையில் போய்த் தூங்கும். உறுப்பினர்கள் வாசலில் கோஷம் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.

இந்த முறை ஆளுநர் மசோதாவை வரி விடாமல் படித்தார். மாதங்கியிடம் ஒரு சந்தேகம் கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த இரும்புக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அன்று மாலை தங்கை மூச்சு வாங்காமல் பேசினாள், சண்டைகூடப் போட்டாள்.

மறுநாள் முதலமைச்சர் பரிதிமாறன் இரைக்க இரைக்க வந்து நின்றார்.

"என்னங்கய்யா, இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நீங்கள் கேட்டதைத்தானே செய்தேன்?"

"கேட்போம்தான்... அதுக்குன்னு குடுத்துடறதா? முன்னாடி இருந்தவங்கல்லாம் எவ்வளவு பக்குவமா நடந்துக்கிட்டாங்க!"

மாதங்கி சிரிப்பை மறைக்க இருமினாள்.

ஆனால் அந்த வாரமே அவசரமாக இன்னொரு மசோதா வந்தது: சமக் காற்றுச் சட்டம் ரத்து, இனி எந்த மசோதாவையும் ஓராண்டு ஊறப்போடாமல் ஆளுநர் கையெழுத்திடக் கூடாது. அதுவும் ஒருமனதாக. அதை அவர் முன்னால் வைத்தாள் மாதங்கி.

ஆளுநர் வரி விடாமல் படித்தார்.

"ஓராண்டு ஊற வேண்டுமென்பது சபையின் விருப்பம். இந்த மசோதாவிலிருந்தே தொடங்குவோம். அந்த இழுப்பறை எங்கே இருக்கிறது, மாதங்கி?"

"இதோங்கய்யா!" என்று ஓடிப்போய்த் திறந்துவிட்டாள்.

வாசலில் உறுப்பினர்கள் கூடிவிட்டார்கள். "ஆளுநரே, உடனே கையெழுத்துப் போடு!" ஆண்டாண்டாகப் போட்டுவந்த அதே கோஷம்தான். மூச்சு வாங்க வாங்க, இப்போதுதான் முதல்முறையாக அதை மனதாரப் போட்டார்கள்.