பதினாறாவது லேபிள்

2007 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை. சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் கம்பி மத்தாப்புப் பெட்டிக்கான லேபிள் அச்சேறியது. ஒரு தாளுக்குப் பதினாறு.

வடிவமைத்தவள் வேல்விழி. ஜன்னலோரம் முகம் தெரியாமல் திரும்பி நிற்கும் ஒரு சிறுமியின் படத்தை ஏதோ ஜப்பானியத் தளத்திலிருந்து இறக்கியிருந்தாள். கீழே இருந்த எழுத்து புரியவில்லை, வெட்டிவிட்டாள். ஒரு லேபிளை முடித்து, பதினைந்து முறை நகலெடுத்து அடுக்கினாள். புரூப் பார்க்கும்போது முதல் லேபிளை மட்டும் பார்ப்பதுதான் அங்கே வழக்கம். மற்றதெல்லாம் காப்பிதானே.

திங்கட்கிழமை காலை, ஜப்பான் மெஷினை சர்வீஸ் செய்யப் புகழேந்தி வந்தார். ஒசாகாவில் இரண்டு வருடம் இருந்தவர். கை துடைக்க, அந்த லேபிள் அச்சான கழிவுத்தாள் ஒன்றை எடுத்தவர், துடைக்காமல் நின்றார்.

“இந்தப் படத்த எங்கனம்மா எடுத்தே?”

“நெட்லதான் அண்ணே. ஏன், ஒங்களுக்குத் தெரிஞ்ச புள்ளையா?”

அவர் சிரிக்கவில்லை.

“கீழ ஒரு வரி இருந்துச்சா?”

“வெட்டிட்டேன்.”

“நகல் எடுக்காதீகன்னு போட்டிருக்கும். அங்கன இன்டர்நெட்ல சுத்துற கதை. ஒவ்வொரு நகலுக்கும் இவ கொஞ்சம் திரும்புவாளாம். நேருக்கு நேர் பாத்தவுக இருக்குற எடத்துக்கே வந்துருவாளாம். அங்கனயும் முழுசாத் திரும்பிட்டா, அவுக அம்புட்டுதானாம்.”

வேல்விழி தாளை வாங்கினாள். முதல் லேபிளில் ஒரு காது. ஆறாவதில் கன்னம். பதினொன்றில் இரண்டாவது கண்ணின் ஓரம்.

பதினாறாவது அவளையே பார்த்தது.

லேபிள் சனிக்கிழமையே அச்சங்குளத்துப் பட்டாசு ஆலைக்குப் போய்விட்டது. அங்கே பேக்கிங் அறையில் லேபிள் ஒட்டுபவள் வேல்விழியின் அக்கா இசைவாணி. ஆலைக்குள் செல்போன் கூடாது. ஆபீஸ் போனை யாரும் எடுக்கவில்லை. புகழேந்தியின் பைக்கில் போனார்கள்.

பேக்கிங் அறை வாசலில் போர்மேன் தங்கச்சாமி கத்திக்கொண்டிருந்தார். சுவரில் சிவப்புப் பெயின்ட்: நான்கு பேர் மட்டும். தீப்பிடித்தால் அந்த வாசலில் நான்கு பேர்தான் தப்பமுடியும்.

“அஞ்சாவது யாருத்தா உள்ள?”

“நாங்க நாலு பேருதான் அண்ணாச்சி. ஒங்களுக்குக் காலையிலேயே கண்ணு ரெட்டையாத் தெரியுதா?” இசைவாணியின் குரல். உள்ளே சிரித்தார்கள்.

“எண்ணுனா அஞ்சு வருதே!”

வேல்விழி எட்டிப்பார்த்தாள். பட்டாசு மருந்து வாடை. பசை வாடை. குனிந்த தலைகள்.

எண்ணினாள்.

ஐந்து.

ஐந்தாவது தலை அக்காவுக்கு அடுத்து இருந்தது. ஒரு காது மட்டும் தெரிந்தது.

பிறகு கன்னம்.

“அக்கா, பக்கத்துல பாக்காத. எந்திரிச்சு வா.”

“என்னடி, வேல நேரத்துல...”

“என்னையவே பாத்துக்கிட்டு வாக்கா.”

இசைவாணி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். தங்கச்சாமி விரல்விட்டு எண்ணினார். நான்கு. கதவைப் பூட்டினார்.

பூட்டிய அறைக்குள் பசைத் தூரிகை உரசும் சத்தம் நிற்கவில்லை.

மறுநாள் அந்த அறைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. மாலையில் தங்கச்சாமி பூட்டைத் திறந்தார். மிச்சமிருந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் லேபிள் ஒட்டப்பட்டிருந்தது. அறைக்குள் யாருமில்லை. லேபிள்களில் ஜன்னல் மட்டும் இருந்தது, அவள் இல்லை.

லோடு அன்றைக்கே லாரியில் ஏறி, காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போனது.