ஐந்து வருட மாவட்டமும் ஐந்து நிமிடக் கள்ளனும்

“நெப்போலியனுக்கு இந்த மாவட்டத்தைக் கட்டியாள அஞ்சு வருஷமும் காணேல்லை. எனக்கு இதின்ரை கள்ளனைப் பிடிக்க அஞ்சு நிமிஷம் காணும். கதிரையை விட்டு எழும்பவும் மாட்டன். ஃபோனை வை, பிள்ளை.”

உருத்திரமூர்த்தி இதைச் சொன்னபோது பிற்பகல் 2:44. ஆண்டு 2012. இடம், சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் நகருக்கு அப்பால் ஓபர்மாட் என்ற ஊரின் பொதுமண்டபத்துக்குக் கீழே இருந்த அணுகுண்டுப் பதுங்கறை. கதவு கொங்கிறீற்றால் ஆனது. ஏழு யானைகளின் எடை. ஆறு என்று சொல்பவர்கள் அதைத் தள்ளிப் பார்த்ததில்லை. அந்தக் கதவு முப்பத்துநான்கு நிமிடமாகத் திறக்கவில்லை.

சுவர்த் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி கிருசிகா அவரைப் பார்த்தாள். சுவிஸில் பிறந்தவள், வரலாறு படிக்கிறவள், பத்திரத்தில் இல்லாத எதையும் நம்பாதவள்.

“மாவட்டம் தொடங்கின நேரம் நெப்போலியன் எகிப்திலை நிண்டவர், அங்கிள். பிறகு அதைக் கலைச்சதுதான் அவர்.”

“நிக்கட்டும். நீ நேரத்தைப் பார்.”

அவள் வேண்டாவெறுப்பாகத் தன் கைத்தொலைபேசியில் நேரக்கணிப்பை அழுத்தினாள்.

அறைக்குள் நான்கு பேர். இரண்டு மணிக்கு கிருசிகா மேசைமேல் ஒரு மெல்லிய சாம்பல்நிற அட்டை உறையை வைத்திருந்தாள். உள்ளே ஒரேயொரு தாள். 1798இல் பிரெஞ்சுப் படை வந்து பழைய ஆட்சியைக் கவிழ்த்தபோது முளைத்து, 1803இல் சுவடில்லாமல் போன மாட் மாவட்டத்தின் முதல்நாள் பதிவு. மாவட்ட அலுவலகம் ஓபர்மாட்டில் திறக்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. போன வாரம்தான் அவள் அதை இதே பதுங்கறையில் கண்டெடுத்திருந்தாள்.

அதைப் பார்க்க வந்தவர் ஹெர் புரூணர். பக்கத்து ஊரான நீடர்மாட்டின் வரலாற்றுச் சங்கத் தலைவர். அந்த ஊரில் பிறந்து அந்த ஊரை விட்டு நகராத மனிதர். மாட் மாவட்டத்தின் தலைநகர் நீடர்மாட்தான் என்று முப்பது வருடமாகச் சொற்பொழிவு ஆற்றி, ஊர் விடுதிச் சுவரில் பித்தளைப் பலகையும் பதித்தவர். அதைப் பற்றிய அவருடைய புத்தகம் அடுத்த மாதம் வரவிருந்தது.

மூன்றாவது ஆள், மண்டபத்தைத் துப்புரவு செய்யும் சிவகலா. மறுநாள் பழைய பேப்பர் எடுக்க வருவார்கள் என்று மேசைக்காலோரம் இரண்டு கட்டுகளை நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வைத்திருந்தாள். பத்திரிகைகளுக்கு இடையே மடித்த அட்டைப்பெட்டிகளும் தெரிந்தன.

நான்காவது, உருத்திரமூர்த்தியே. அந்த மண்டபத்தை இருபத்திரண்டு வருடம் பராமரித்து ஓய்வு பெற்றவர். கதவுக்கு எண்ணெய் விட வந்தவர், 2:10க்கு, “பூப்போலை சாத்தும் பாருங்கோ” என்று சாத்திக் காட்டினார். பூப்போலத்தான் சாத்தியது. பிறகு கைபிடி கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. சுவர்த் தொலைபேசியில் மேலே அழைத்துச் சொன்னார்கள். ஊஸ்டரிலிருந்து ஆள் மூன்று மணிக்கு வருமாம். முழங்கால் வலி என்று கதவோரக் கதிரையில் உட்கார்ந்தவர் அசையவில்லை.

அங்கே விளக்கு சிக்கன விளக்கு. எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணையும். கதவோரப் பொத்தானை அழுத்த வேண்டும். 2:26க்கு அணைந்தபோது உருத்திரமூர்த்தி தடவிப் பிடித்து அழுத்த இருபது செக்கன் ஆனது. வெளிச்சம் வந்தது. மேசை வெறுமையாக இருந்தது.

தேடினார்கள். புரூணர் முதல் ஆளாகத் தன் சட்டைப்பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். சிவகலாவின் வாளி, கைப்பை, தூசி துணி எல்லாம் கவிழ்க்கப்பட்டன. நூல் கட்டியபடியே இருந்ததால் பேப்பர்க் கட்டுகளை யாரும் அவிழ்க்கவில்லை. 2:38க்கு, சுவரோரப் படுக்கைத் தட்டின் கீழிருந்து கிருசிகா அட்டை உறையை இழுத்தெடுத்தாள். உறை இருந்தது, தாள் இல்லை.

மேசைக்குக் கிட்ட நின்றது அந்தத் துப்புரவுப் பெண்தான் என்றார் புரூணர். போலீஸை இப்போதே அழைக்கும்படி சொன்னார். கதவு திறந்ததும் அந்தப் பேப்பர்க் கட்டுகளைத் தானே மேலே தூக்கிப் போவதாகவும், அவள் இருந்த இடத்திலேயே போலீஸுக்குக் காத்திருக்கட்டும் என்றும் சொன்னார்.

சிவகலாவுக்கு அறையின் காற்றெல்லாம் தீர்ந்துபோனது போலிருந்தது. வியாழக்கிழமை அவளுக்குப் பிரஜாவுரிமை நேர்முகம். பதினேழு வருடம் காத்த காத்திருப்பு. போலீஸில் ஒரு விசாரணை திறந்தால் விண்ணப்பம் அப்படியே படுத்துவிடும். “நான் எடுக்கேல்லை” என்று தமிழில்தான் வந்தது. ஜெர்மன் வரவில்லை.

கிருசிகாவுக்கு அவள்மேல் சந்தேகம் இல்லை. ஆனால் பூட்டிய அறையில் நான்கு பேர், காணாமல்போனது ஒரு நாட்டின் சொத்து. வேறு என்ன செய்வது? போலீஸ் எண்ணை அழுத்தத் தொடங்கியபோதுதான் உருத்திரமூர்த்தியின் அந்த ஐந்து நிமிடப் பெருமைப் பேச்சு பிறந்தது.

“சிவகலா,” என்றார் உருத்திரமூர்த்தி, “பேப்பர்க் கட்டுக்குள்ளை அட்டையும் வைச்சோ கட்டுறனீ?”

“ஓம் அண்ணை. இஞ்சை ரெண்டையும் ஒண்டாத்தானே எடுக்கிறவை.”

“நீ, பிள்ளை?”

“நானும் ஓபர்மாட்தானே. அப்பிடித்தான். ஒரு நிமிஷம் போட்டுது, அங்கிள்.”

அவர் புரூணர் பக்கம் திரும்பி, சுவிஸ் ஜெர்மனில், மிகப் பணிவாக, நீடர்மாட்டில் எப்படி என்று கேட்டார். கிருசிகாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் புரூணரின் முகம் மலர்ந்தது. நீடர்மாட்டில் பேப்பர் வேறு, அட்டை வேறு, கிழமையும் வேறு. பேப்பருக்குள் ஒரு துண்டு அட்டை இருந்தாலும் கட்டை எடுக்காமல், சிவப்பு லேபிள் ஒட்டி, முழு ஊரும் பார்க்க வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள்.

“நாற்பது வருஷம்,” என்றார் புரூணர். “என் வாசலில் ஒரு லேபிள்கூட இல்லை.”

“அதுதான் உங்களைக் காட்டிக் குடுத்தது,” என்றார் உருத்திரமூர்த்தி.

அவர் சொன்னது இதுதான். பூட்டிய அறைக்குள் தாளை ஒளிக்க ஒரே நல்ல இடம் அந்தக் கட்டுகள். தாள் உறைக்குள் இருந்தது, உறை மெல்லியது, கட்டுக்குள் ஏற்கெனவே அட்டைகள் வேறு இருந்தன. ஓபர்மாட் ஆள் என்றால் உறையோடு அப்படியே செருகியிருப்பார், தாளும் கசங்காது. இருட்டில், இருபது செக்கனில், நெஞ்சு அடிக்கிற நேரத்தில், பேப்பருக்குள் அட்டை போகக்கூடாது என்று தாளை உருவியெடுத்து, உறையைத் தனியாகத் தள்ளிவிட்ட கை எந்த ஊர்க் கை? ஒன்பது வருடமாக இந்த மண்டபத்துக்கு வந்துபோயும் சிவகலாவுக்கு ஒரு வணக்கம் சொல்லாத மனிதர், அவளுடைய கட்டுகளை மட்டும் தானே தூக்குவதாகச் சொன்னது எதற்கு?

“ரெண்டு கட்டையும் அவிழ், பிள்ளை.”

நூல் அறுந்தது. இரண்டாவது கட்டில், செவ்வாய்க்கிழமைப் பத்திரிகைக்கும் புதன்கிழமைப் பத்திரிகைக்கும் நடுவே, 1798 படுத்திருந்தது.

புரூணர் படுக்கைத் தட்டில் மெதுவாக உட்கார்ந்தார். காருக்குக் கொண்டுபோனதும் எடுத்துவிடத்தான் நினைத்தேன் என்றார். “கிழிக்க மனம் வரவில்லை. இருநூறு வருஷத்துத் தாள்.” பிறகு நிமிர்ந்து சிவகலாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தூசி துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

கிருசிகா தொலைபேசியைக் கொக்கியில் மாட்டினாள்.

3:02க்குக் கதவு திறந்தது. வியாழக்கிழமை சிவகலா நேர்முகத்துக்குப் போனாள். அதற்குள் புரூணரின் மன்னிப்புக் கடிதம் பதிவுத் தபாலில் வந்திருந்தது. விடுதிச் சுவரில் பித்தளைப் பலகை இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் மிஞ்சின.

ஒன்றரை வருடம் கழித்துச் சிவகலாவின் வீட்டில் அவளுடைய சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் கைக்குக் கை மாறியது. உருத்திரமூர்த்தி கதையைச் சொன்னார். கதவு இப்போது பன்னிரண்டு யானை. அறையில் காற்று தீர மூன்று நிமிடமே பாக்கி. நெப்போலியனின் பேரன் அளவுக்குப் புரூணர் வளர்ந்திருந்தார். சனம் வயிறு குலுங்கச் சிரித்தது. யாரோ, “உது உண்மையோ, பிள்ளை?” என்று கிருசிகாவைக் கேட்டார். அன்று ஃபோனை வைக்க மனமில்லாமல் நின்றவள் இவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“யானை பொய். நெப்போலியன் எகிப்திலை. மிச்சம் நடந்தது.” உருத்திரமூர்த்தியை ஒருமுறை பார்த்தாள். “அஞ்சு நிமிஷமும் பொய். நாலு நிமிஷம் பத்து செக்கன். நான்தான் கணக்கெடுத்தனான். கதிரையை விட்டு எழும்பேல்லை.”