நீல நூலைத் திருடியது யார்?

“திருட்டுக் கவிதைக்கா முதல் பரிசு கொடுக்கப் போறோம்?” என்று கேட்டபடியே கோப்பிக்கடைக்குள் நுழைந்தாள் பெய் ஷான். சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்கு வந்த பெண்களுக்காக, இயற்கையைப் பற்றிய கவிதைப் போட்டியை நூலகத்தில் நடத்துகிறவள் அவள்.

ரம்லா நாற்காலியை நகர்த்திப் போட்டார். காவல்துறையில் ஓய்வு பெற்றவர், எதற்கும் அவசரப்படமாட்டார். பக்கத்தில் இருந்த டியோ முன்னாள் டாக்சி ஓட்டுநர். இரண்டு பேருக்கும் வேண்டிய அவசரத்தை அவர் ஒருவரே வைத்திருந்தார்.

பெய் ஷான் இரண்டு தாள்களை மேசையில் வைத்தாள். முதல் பரிசுக்குத் தேர்வானது ஜாவாக்காரி முர்யாத்தியின் கவிதை. மற்றது பிலிப்பீன்ஸிலிருந்து வந்த நெனித்தா எழுதியது. இரண்டிலும் ஒரு தேன்சிட்டின் கூடு. இரண்டு கூட்டிலும் ஒரு நீல நூல்.

“கவிதையெல்லாம் நூலகத்துல திறந்த தட்டுலதான் கிடந்துச்சு. யார் வேணும்னாலும் எடுத்துப் பார்த்திருக்கலாம்.”

“ரெண்டு பேர்ல யாரு பிந்திக் கொடுத்தது?” என்றார் டியோ.

“முர்யாத்தி.”

“அப்ப அவதான். கேஸ் முடிஞ்சுது. ரம்லா, கோப்பிக்கு நீங்க காசு கொடுங்க.”

“பொறுங்க டியோ” என்றார் ரம்லா. “திருடின்னு ஒரு பேச்சு அவ மேடம் காதுல விழுந்தா, அப்புறம் அந்த வீட்டுல வேலை இருக்குமா? மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிடுவாங்க.”

ரம்லா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முர்யாத்தி எழுதியிருந்தாள்:

“என் நீலக் கைலியில் நூல் உருவிப் போனாய்;
உன் வீட்டின் முதுகைத்தான் எனக்குக் காட்டுகிறாய்.”

நெனித்தா எழுதியிருந்தாள்:

“வாசலில் அலகு வைத்து என்னையே பார்க்கிறாய்;
இந்த நீலத்தை உனக்கு யார் தந்தது?”

“இவங்க ரெண்டு பேரும் எங்க வேலை பாக்குறாங்க?”

பெய் ஷான் கைப்பேசியில் தேடினாள். “ஒரே பேட்டைதான். எதிரெதிர் கட்டடம். பாத்தீங்களா, தோழிங்களாத்தான் இருப்பாங்க!”

“ஞாயித்துக்கிழமை அங்கயே வரச் சொல்லு” என்றார் ரம்லா.

அந்த இரு கட்டடங்களுக்கும் நடுவே மஞ்சள் பூ மரம் ஒன்று நின்றது. மூன்றாம் மாடி உயரத்தில், கிளை நுனியில், கூடு தொங்கியது. சாப்பாட்டுப் பெட்டியோடு வந்த நெனித்தா முர்யாத்தியைப் பார்த்துச் சிரித்தாள். முர்யாத்தியோ ‘யார் இவள்?’ என்பதுபோல் விழித்தாள். இதை டியோ கவனிக்கவில்லை; ரம்லா கவனித்தார்.

“நான் என்னக்கா தப்பு பண்ணேன்?” என்று ரம்லாவிடம் கேட்டாள், ஏன் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்த முர்யாத்தி. “மேடத்துக்குத் தெரிஞ்சா…”

“ஒண்ணும் பண்ணல. உன் வீட்டு சன்னல் எது, காட்டு.”

அவள் கை காட்டிய மூன்றாம் மாடியில், மூங்கில் கம்பில் ஒரு நீலக் கைலி காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரம் பிரிந்து தொங்கியது.

“டியோ, கூட்டோட வாசல் எந்தப் பக்கம் இருக்கு?”

டியோ கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தார். “எதிர்க் கட்டடத்தைப் பார்த்து.”

“அங்கதான் நெனித்தா இருக்கா. சிட்டு உள்ள உக்காந்தா மூஞ்சி அவளுக்குத்தான் தெரியும். ஆனா நூல் எங்கேருந்து வந்ததுன்னு அவளுக்குத் தெரியாது. அதனாலதான் கேள்வியா எழுதினா. முர்யாத்திக்கு நூல் தெரியும், மூஞ்சி தெரியாது. நெனித்தா கவிதையைப் பார்த்து எழுதினவ, அதுல இருக்கிற அழகான மூஞ்சியை விட்டுட்டு முதுகையா எடுப்பா?”

“மாத்தி எழுதியிருக்கலாமே?” டியோ விடவில்லை.

“எழுதலாம். கைலியைப் பிரிச்சு மரத்துல கொண்டுபோய் மாட்ட முடியுமா? திருட்டு நடந்தது நிஜம் டியோ. பறிகொடுத்தவ இவ. திருடி அதோ, மேல உக்காந்திருக்கா.”

பெய் ஷான் முர்யாத்தியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “மன்னிச்சுக்கோ. முதல் பரிசு உனக்குத்தான். நெனித்தாவும் மேடையில உனக்குப் பக்கத்துலயே நின்னு படிக்கட்டும்.”

முர்யாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கெல்லாம் அடக்கி வைத்திருந்த பயம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

நெனித்தா அவள் தோளைத் தொட்டாள். “நீ அது மூஞ்சியைப் பார்த்ததே இல்லையா?”

“பறந்து போற வேகத்துல என்ன தெரியும்?”

“வா. எங்க மேடத்துகிட்ட சொல்லிட்டுக் காட்டுறேன்.”

சற்று நேரத்தில் எதிர்க் கட்டடத்துச் சமையலறைச் சன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. டியோ கீழிருந்து கத்த வாயெடுத்தார். ரம்லா அவர் கையைப் பிடித்து அடக்கினார். மேலே முர்யாத்தி வாயைப் பொத்திக்கொண்டு, அசையாமல் நின்றாள். கூட்டு வாசலில், அவளுடைய நீல நூலின் மேல் அலகை வைத்தபடி, சிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.