சிவப்பைத் தொடும் முள்

காரில் ஏறி உட்கார்ந்ததுமே அர்ஷியாவுக்குப் பயம் வந்துவிடும். கார் வேகமாகப் போகுமே என்ற பயமல்ல. அந்தக் கார் வேகமாகப் போனதே கிடையாது. சூடாகிவிடுமே என்ற பயம்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம் உண்டு. அதில் ஒரு வெள்ளை முள். இஞ்சின் சூடாகச் சூடாக முள் மேலே ஏறும். உச்சியில் ஒரு சிவப்புக் கோடு. முள் அதைத் தொட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் இதெல்லாம் இல்லை. ஆனாலும் அர்ஷியாவுக்கு இது மனப்பாடம்.

அவளுடைய வாப்பா தாஜ் முகம்மது, விக்கிரமசிங்கபுரத்தில் கைலி வியாபாரி. ஊர் ஊராகப் போய்க் கடைகளுக்குச் சரக்குப் போடுவதற்காக அந்தப் பழைய காரை வாங்கினார். அது அர்ஷியாவைவிடப் பத்து வயது மூத்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால், பாபநாசம் ஏற்றத்தில் கார் கொதித்து நின்றது. தாகம் எடுத்துவிட்டது போல என்று சிரித்துக்கொண்டே வாப்பா இறங்கினார். இஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் ரேடியேட்டரில் இருக்கும். அதன் மூடியை ஈரத்துண்டால் பிடித்துத் திருகினார். உள்ளே அடைபட்டிருந்த கொதிநீர் சீறி வந்து அவர் கையிலும் நெஞ்சிலும் அடித்தது.

வாப்பா அலறினார். அவர் அலறுவார் என்பதே அதுவரை அர்ஷியாவுக்குத் தெரியாது. அந்தச் சத்தம் அவள் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. வகுப்பில் கணக்குப் போடும்போதுகூடத் திடீரென்று கேட்கும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று சனிக்கிழமை. வாப்பாவின் வலது கைக்குக் கட்டு மாற்ற, அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருந்தார்கள். அதே காரில்தான். ஓட்டியவர் பக்கத்து வீட்டுக் குமரகுருபரன் மாமா. பின் சீட்டில் கைலிக் கட்டுகளுக்கு நடுவில் அர்ஷியா எட்டி எட்டி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா நூல் மில்லில் முப்பது வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் மிக்ஸி நின்றாலும் மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாப்பாவுக்குச் சுட்டதும் அவரே காரைத் திறந்து பார்த்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் செத்துப்போயிருந்தது. பழைய சாமான் கடையில் வேறொரு ஃபேன் வாங்கி மாட்டினார். வேண்டும்போது போட்டுக்கொள்ள ஒரு சுவிட்சும் வைத்துக் கொடுத்தார். இனிமேல் சூடு இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

ஆனால் முள் எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தண்ணீர்தான் கோளாறு, கடையில் விற்கும் பச்சைக் கூலன்ட் திரவத்தை ஊற்றுங்கள் என்றார் ஒருவர். அதைக் கேட்டதும் வாப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தாமிரபரணித் தண்ணீர் மனுஷனுக்கே மருந்து, இஞ்சினுக்கு ஆகாதா என்று சண்டைக்குப் போனார். டிக்கியில் எப்போதும் இரண்டு கேன் ஆற்றுத் தண்ணீர் வைத்திருப்பார்.

சாரல் காற்று ஜன்னல் வழியே சிலுசிலுவென்று அடித்தது. முன்னால் ஒரு வைக்கோல் டிராக்டர் ஆமை வேகத்தில் போனது. மாமா ஃபேன் சுவிட்சைப் போட்டார். முள் ஏறியது. ரயில்வே கேட்டும் மூடியிருந்தது. முள் இன்னும் ஏறியது.

"மாமா, முள்ளு மேல போவுது."

"ஃபேன் ஓடுதுல்லா தாயி. சத்தம் கேக்கலியா? பயப்படாத."

அதற்கு மேல் அவளால் அந்த முள்ளைப் பார்க்க முடியவில்லை. திரும்பி, பின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். ஓர் அக்கா நின்ற வண்டிகளுக்கெல்லாம் ஜவுளிக்கடை நோட்டீஸ் வைத்துக்கொண்டே வந்தாள். பின்னால் நின்ற காரின் பானெட்டில் வைத்த நோட்டீஸ் சரிந்து முன்பக்கம் விழுந்தது. ஆனால் தரைக்குப் போகவில்லை. அந்தக் காரின் முகப்புக் கம்பியில் பல்லிபோல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அக்கா அடுத்து இவர்கள் காருக்கு வந்தாள். அர்ஷியாவும் முன்பக்கம் திரும்பினாள். இங்கேயும் நோட்டீஸ் சரிந்து முன்பக்கம் விழுந்தது. விழுந்த வேகத்தில், யாரோ ஊதிவிட்டதுபோல் முன்னால் பறந்து போனது.

இது என்ன விசித்திரம் என்று அவள் யோசிப்பதற்குள் பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

மாமா இஞ்சினை அணைத்தார். வாப்பா இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். இடது கையில் ஈரத்துண்டு. கொஞ்சம் பொறுங்கள் என்று மாமா தடுத்தார். கேட் திறந்துவிட்டால் பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள் என்று சொல்லி வாப்பா அதைக் கேட்கவில்லை.

"பையத்தான் திருகுவேன் அண்ணாச்சி."

அன்றும் அவர் பையத்தான் திருகினார்.

காரிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அர்ஷியாவுக்கே தெரியாது. ஓடிப்போய் வாப்பாவின் கையிலிருந்த துண்டைப் பிடுங்கினாள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காருக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"எனக்குப் பயமா இருக்கு வாப்பா. அன்னைக்கு நீங்க போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. துண்டின் ஈரம் சட்டையை நனைத்தது.

வாப்பா நீட்டிய கையை இறக்கினார். பிறகு அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

"சரி மக்கா. ஆறட்டும். யாரு திட்டினா என்ன."

கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் திட்டத்தான் செய்தார்கள். திட்டிக்கொண்டே கூடச் சேர்ந்து தள்ளி, காரை ஒரு மருத மரத்தடியில் விட்டுவிட்டுப் போனார்கள்.

சீக்கிரம் ஆறட்டும் என்று மாமா ஃபேனை மட்டும் ஓடவிட்டார். அர்ஷியா காரின் முன்னால் வந்து நின்றாள். முகத்தில் அனல் அடித்தது. காரிலிருந்து காற்று வெளியே வருகிறதே. அந்த நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. கீழே கிடந்த ஒன்றை எடுத்து, கையை எட்ட நீட்டி, முகப்புக்கு நேராக விட்டாள். அது பறந்து அவள் மேலேயே வந்து விழுந்தது. மறுபடி விட்டாள். மறுபடியும் பறந்தது. மரத்தில் ஓர் இலைகூட அப்போது அசையவில்லை.

"மாமா, பின்னால நின்ன கார்ல காயிதம் ஒட்டிக்கிட்டுது. நம்ம கார்ல மட்டும் ஏன் பறக்குது?"

மாமாவின் முகம் பெருமையில் மலர்ந்தது.

"அதுலதாம்மா இருக்கு மாமாவோட வேல. மில்லுல செவுத்துல பெரிய ஃபேன் இருக்கும். உள்ள இருக்குத சூட்ட எல்லாம் வெளிய தள்ளும். அதே மாதிரி இங்கனயும் சூட்ட முன்பக்கமா வெளிய தள்ளுதாப்ல ஒயர மாட்டியிருக்கேன்."

அர்ஷியா யோசித்தாள். பெரியவர், அவரிடம் இதைச் சொல்லலாமா என்று தயங்கினாள். பிறகு வாப்பாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"மில்லு ஒரே இடத்துலதான நிக்கும் மாமா? கார் ஓடும்லா? ஓடும்போது காத்து முன்னால இருந்து உள்ள வருமே. அத நம்ம ஃபேன் உள்ள விடாம வெளிய தள்ளுதே."

மாமா காரைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், கடைசியில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"முப்பது வருசம் மில்லுலயே இருந்துட்டேன்லா" என்று மெதுவாகச் சொன்னார்.

வாப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமாவுக்கு வருத்தமாக இருக்குமே என்று அடக்கப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் மாமாவே சிரித்துவிட்டார்.

நன்றாக ஆறிய பிறகு ஃபேனுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும், அது எதிர்ப்பக்கம் சுற்றும்படி மாமா இடம் மாற்றினார். சுவிட்சைப் போட்டார். அர்ஷியா காகிதத்தை விட்டாள். அது சட்டென்று உள்ளே இழுபட்டு முகப்புக் கம்பியில் ஒட்டிக்கொண்டது. மாமா அதைப் பிய்த்து எடுத்து, தானும் ஒருமுறை விட்டுப் பார்த்துக்கொண்டார்.

இனித் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாப்பா மூடியைத் தொடவில்லை. அர்ஷியாவைப் பார்த்தார்.

"தொறக்கலாமா?"

அவள் ஒரு விரலால் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. வேறெந்தச் சத்தமும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது வாப்பா ஆற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

கார் கிளம்பியதும் பயமும் கூடவே கிளம்பியது. முள் ஏறத் தொடங்கியது. கால்வாசி ஏறியது, பாதிக்கு வந்தது. அர்ஷியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முள் அங்கேயே நின்றது. சந்தை நெரிசலிலும் நின்றது. ஆஸ்பத்திரி வாசலிலும் அதே இடத்தில்தான் நின்றது. அதன் பிறகுதான் அவள் மூச்சைத் தாராளமாக விட்டாள்.

கட்டு மாற்றித் திரும்பும்போது மறுபடியும் கேட் மூடியிருந்தது. இஞ்சினை அணைக்காமல் மாமா பத்து நிமிஷம் வைத்துப் பார்த்தார். முள் பாதியைத் தாண்டவில்லை. அதை மகளுக்குக் காட்ட வாப்பா ஆசையோடு திரும்பினார். அவள் கைலிக் கட்டில் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தாள்.

கேட் திறந்தது. முன்னால் நின்ற பஸ் நகரவில்லை. மாமாவின் கை ஆரனுக்குப் போனது. வாப்பா தடுத்தார்.

"ஆரன் அடிக்காதிய அண்ணாச்சி. புள்ள தூங்குது."

பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஆரன் அடித்தன. அர்ஷியா அசையவே இல்லை.